மூக்குக் கண்ணாடியும் மூன்றாவது சந்தாவும்

மனித சரீரம் ஒன்றுதான் என்று நாம் இதுவரை எண்ணியிருந்தோம். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் இன்ஷ்யூரன்ஸ் கம்பெனிகளோ அதை மூன்று பங்காகப் பிரித்துவிட்டன. பல் ஒரு பங்கு. கண் ஒரு பங்கு. மற்ற அவயவங்கள் எல்லாம் சேர்ந்து ஒரு பங்கு. பெரும்பாலும் வருஷம் முடியும் தறுவாயில், அந்நாட்டுத் தொழிலாளியும் குமாஸ்தாவும் இந்த மூன்றுக்கும் தனித்தனியே சம்மதம் கொடுத்து, மூன்று சந்தாக்களைத் தம் சம்பளத்தில் பிடித்துக்கொள்ள விடுகிறார்கள். பல்லும் கண்ணும் உடம்பைச் சேர்ந்தவை அல்லவென்று விதித்தது எந்த வைத்திய சாஸ்திரம் என்று கேட்பவர் அங்கும் உண்டு. விடை சொல்பவரைத்தான் காணோம். மூன்றாவதாகிய கண் சந்தாவைப் பற்றி இன்று சிறிது விரிவாக ஆராய விரும்புகிறோம். சில்லறைத் தொகைதானே என்று பலரும் அசட்டை செய்யும் விஷயம் இது. ஆயினும், 'அனுகூலம்' என்ற பெயரால் ஜனங்களுக்கு ஒரு கையால் கொடுக்கப்படுவது மற்றொரு கையால் எவ்வாறு திரும்பப் பெறப்படுகிறது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் உதாரணம் எளிதில் அகப்படாது.

இன்ஷ்யூரன்ஸின் தத்துவம் நேயர்கள் அறிந்ததே. வீடு தீப்பற்றுவதும் கப்பல் மூழ்குவதும் யாருக்கு நேரும், எப்போது நேரும் என்று ஒருவருக்கும் தெரியாது. அத்தகைய நஷ்டத்தைப் பலர் கூடிச் சுமப்பதே இன்ஷ்யூரன்ஸ். கிட்டப்பார்வையுள்ள ஒருவனுக்குக் கண்ணாடி வேண்டியிருக்கும் என்பது இந்த ஜாதியைச் சேர்ந்த ஆபத்தா? நாற்பது வயதைத் தாண்டியவருக்கு அச்செழுத்து மங்கத் தொடங்கும் என்பது அநேகமாக நிச்சயம். உண்மையான ஆபத்துகளாகிய கண்புரை, கண்ணீர் அழுத்த நோய், விழித்திரை கிழிதல் முதலியவற்றுக்கு இந்தச் சந்தா பொறுப்பேற்பதில்லை. அவை பெரிய வைத்திய இன்ஷ்யூரன்ஸின் பாற்பட்டவை. ஆகவே, கண் இன்ஷ்யூரன்ஸ் என்று வழங்குவது முன்பணம் கட்டி வாங்கும் தள்ளுபடிச் சீட்டேயன்றி வேறில்லை. நம்மூர் நகைக் கடைகளில் மாதாமாதம் பணம் கட்டும் சீட்டை இதற்கு ஒப்பிடலாம். கட்டிய பணம் நம்முடையதுதான். ஆனால் அந்தக் கடையிலேதான் செலவழிக்க வேண்டும், செய்கூலியும் சேதாரமும் அவர் சொல்வதே.

கணக்கைப் பார்ப்போம். பல திட்டங்களில் வழக்கமாகக் காணப்படும் கட்டணங்களைக் கொண்டு நாமே அமைத்த உதாரணம் இது. தனி நபர் ஒருவருக்கு மாதச் சந்தா 12 டாலர்; வருஷத்துக்கு 144 டாலர். கண் பரிசோதனைக்கு அவர் கையிலிருந்து கொடுக்க வேண்டியது 10 டாலர். லென்ஸுக்கு 25 டாலர். பிரேமுக்கு 150 டாலர் வரை திட்டம் கொடுக்கும். கடையில் கண்ணுக்குப் பிடித்த பிரேமின் விலை 200 டாலர் என்றால், மிகுதி 50 டாலரில் ஐந்தில் ஒரு பங்கு தள்ளுபடி போக 40 டாலர் அவர் தலையில் விழுகிறது. இவ்வளவோடு நின்றால் குற்றமில்லை. இதற்கு மேல்தான் விற்பனைக்காரர் ஓர் அட்டையை எடுத்து நீட்டுகிறார். எளிதில் உடையாத பாலிகார்பனேட் லென்ஸ் வேண்டுமா? 40 டாலர். பிரதிபலிப்பைத் தடுக்கும் பூச்சு வேண்டுமா? சாதாரண ரகம் 45; உயர்ந்த ரகம் இன்னும் அதிகம். புற ஊதாக் கதிரைத் தடுக்க வேண்டுமா? 15. இவற்றையெல்லாம் வேண்டாம் என்று சொல்லத் துணிவுள்ளவர் எத்தனை பேர்? கண் விஷயமல்லவா? கூட்டிப் பார்த்தால் சந்தா உள்பட 319 டாலர் ஆகிறது. சீட்டின் முகப்பிலோ 'லென்ஸ் அனுகூலம்: 25 டாலருக்கு மேல் இல்லை' என்றுதான் அச்சிட்டிருக்கும்.

இதே நாட்டில் 2010-இல் தபால் மூலம் கண்ணாடி விற்கத் தொடங்கிய வார்பி பார்க்கர் என்னும் கம்பெனி, பிரேம், பாலிகார்பனேட் லென்ஸ், பிரதிபலிப்புத் தடுப்பு, கீறல் தடுப்பு எல்லாம் சேர்த்து ஒரு ஜோடியை 95 டாலருக்குக் கொடுக்க முன்வந்தது. பரிசோதனைக் கூலி தனி என்பது வாஸ்தவம். ஆனாலும், சந்தா ஒன்றும் கட்டாதவன் 95 டாலருக்குப் பெறும் பூச்சுக்கு, சந்தா கட்டியவன் தனிக் கூலி கொடுக்க வேண்டியிருப்பது விநோதம் அல்லவா?

பூச்சுகள் எல்லாமே வீண் என்பது நமது கட்சியன்று. அவற்றில் உண்மையான விஞ்ஞானம் இருக்கிறது. வெளிச்சம் லென்ஸின் மேற்பரப்பில் பட்டதும் முழுவதும் உள்ளே போய்விடுவதில்லை. சாதாரண பிளாஸ்டிக் லென்ஸில் முன்புறம் நூற்றுக்கு 4 பங்கும் பின்புறம் 4 பங்கும் தெறித்துவிடுகின்றன. பவர் அதிகமுள்ளவர்களுக்காக மெல்லியதாகச் செய்யப்படும் 1.67 ரக லென்ஸில் ஒவ்வொரு புறமும் 6 பங்குக்கு மேல் வீணாகிறது. எதிரே வரும் மோட்டாரின் விளக்கு இரவில் சிதறி வட்டமிடுவதற்கும், பேசிக்கொண்டிருப்பவரின் கண் தெரியாமல் ஜன்னல் வெளிச்சம் தெரிவதற்கும் இதுவே காரணம். பழைய லென்ஸின் மேல் படிந்த மங்கல் வெளிச்சத்தைக் குறைப்பதற்குப் பதிலாக அதிகப்படுத்துகிறது என்ற ஆச்சரியத்தை ராலே பிரபு 1886-இல் கண்டார். ஒளி அலையின் நீளத்தில் கால் பங்கு கனமுள்ள ஒரு படலத்தைப் பூசினால், படலத்தின் மேலே தெறிக்கும் அலையும் அடியிலே தெறிக்கும் அலையும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். இதை வெற்றிடத்தில் ஆவியாக்கிப் பூசும் முறையை 1935-இல் ஜெர்மனியின் யேனா நகரத்து ஸைஸ் தொழிற்சாலையில் அலெக்ஸாண்டர் ஸ்மகுலா கண்டுபிடித்தார். யுத்தக் கப்பல்களின் தூரதர்சினிகளுக்கு உபயோகப்பட்டதால் சில காலம் அது ராணுவ ரகசியமாகவே இருந்தது. இன்று ஒன்றன்மேல் ஒன்றாகப் பல படலங்கள் பூசி நூற்றுக்கு 99 பங்கு வெளிச்சத்தை உள்ளே அனுப்புகிறார்கள். லென்ஸைச் சாய்த்துப் பார்த்தால் தெரியும் இளம்பச்சை அல்லது ஊதா நிழல் அதன் அடையாளம்.

இரவில் வண்டி ஓட்டுகிறவர்களும், பவர் அதிகமுள்ளவர்களும் இந்தப் பூச்சுக்குப் பணம் கொடுப்பதில் தவறில்லை. வேட்டி முனையால் துடைக்கும் வழக்கமுள்ளவர்கள் மட்டும் முன்னதாகவே சிறிது யோசிப்பது நல்லது. வெயிலில் நிறுத்திய காரினுள் கண்ணாடியை வைத்துவிட்டுப் போகிறவர்களும் அப்படியே. சூட்டில் லென்ஸ் விரியும் அளவுக்குப் பூச்சு விரியாமையால் நுண்ணிய வெடிப்புகள் உண்டாகி, கொடுத்த பணம் போய்விடும்.

மற்றப் பூச்சுகளின் கதை வேறு. பாலிகார்பனேட் என்ற பொருள் தன் இயல்பிலேயே புற ஊதாக் கதிரைத் தடுத்துவிடும். அதன்மேல் புற ஊதாத் தடுப்புக்கென்று 15 டாலர் வாங்குவது, குடை விற்றவன் அது மழையைத் தடுப்பதற்குத் தனிக் கூலி கேட்பது போன்றது. அப்பொருள் மிக மிருதுவானதாகையால் கெட்டிப்படுத்தும் பூச்சில்லாமல் அது கடைக்கே வருவதில்லை. ஆகையால் அதற்குக் கீறல் தடுப்பு என்று தனியே கேட்பதும் அத்தகையதே. மேலே நாம் கூட்டிய கணக்கில் அந்த 15 டாலர் வெறும் தண்டம் என்பதை நேயர்கள் கவனித்திருப்பார்கள்.

எல்லாவற்றிலும் துணிகரமானது நீலவொளித் தடுப்பு. கம்ப்யூட்டரும் கைபேசியும் வீசும் நீலவொளி கண்ணைக் கெடுக்கிறது, தூக்கத்தைக் கெடுக்கிறது என்று பயமுறுத்தி விற்கப்படும் பூச்சு இது. காக்ரேன் ஆராய்ச்சிக் குழுவினர் 2023-இல் 17 பரிசோதனைகளை ஒன்றுசேர்த்து ஆராய்ந்தபோது, கம்ப்யூட்டர் வேலையினால் உண்டாகும் கண் அயர்ச்சியை இது சாதாரண லென்ஸைவிட அதிகமாகக் குறைப்பதாகத் தெரியவில்லை என்றே முடிவு கூறினார்கள். தூக்கத்தைப் பற்றியும் தெளிவான நன்மை எதுவும் புலப்படவில்லை. அமெரிக்கக் கண் வைத்தியர்களின் சங்கமே கம்ப்யூட்டர் வேலைக்கென்று விசேஷக் கண்ணாடி எதையும் சிபாரிசு செய்வதில்லை. இங்கிலாந்தில் பூட்ஸ் ஆப்டீஷியன்ஸ் கம்பெனி இதைப் பற்றிச் செய்த தவறான விளம்பரத்துக்காக, கண்ணாடித் தொழிலை மேற்பார்க்கும் கவுன்ஸில் 2017-இல் 40,000 பவுன் அபராதம் விதித்தது. அபராதம் விதித்துப் பல வருஷங்கள் ஆகியும் சரக்கு இன்னும் உலகெங்கும் செலாவணியாகிறது, நம் பட்டணங்களிலும் கூட.

நிற்க. அட்டையில் இந்த வரிகளையெல்லாம் எழுதியவர் யார் என்று விசாரித்தால்தான் விஷயத்தின் வேர் தெரியும். 1961-இல் இத்தாலியின் அகோர்தோ என்ற மலையூரில் லியனார்டோ தெல் வெக்கியோ ஆரம்பித்த லுக்ஸோட்டிகா, முதலில் பிரேம் பாகங்கள் செய்யும் பட்டறை. 1995-இல் அது அமெரிக்காவின் பெரிய கண்ணாடிக் கடையாகிய லென்ஸ்கிராஃப்டர்ஸை வாங்கியது, 1999-இல் ரே-பான், 2004-இல் பியர்ல் விஷன் கடைகளை உடைய கோல் நேஷனல், 2007-இல் ஓக்லி. ஐமெட் என்ற கண் இன்ஷ்யூரன்ஸும் அதன் சொத்து. 2018 அக்டோபரில் பிரான்ஸின் எஸ்ஸிலாருடன் அது ஒன்றாயிற்று. உலகத்தில் லென்ஸ் செய்பவர்களில் தலைசிறந்த கம்பெனி எஸ்ஸிலார். கிரிஸால் என்ற பிரசித்தி பெற்ற பூச்சு அதனுடையதே. இந்த இணைப்புக்கு அமெரிக்க வர்த்தகக் கமிஷனும் ஐரோப்பியக் கமிஷனும் ஒரே நாளில், 2018 மார்ச் முதல் தேதி, நிபந்தனை ஒன்றுமில்லாமல் வழிவிட்டன. ஆகவே இன்று ஒரு தொழிலாளி தன் சந்தாவைக் கட்டுவதும், அந்தச் சந்தாவின் பேரில் நுழையும் கடையும், அங்கே மாட்டிப் பார்க்கும் பிரேமும், அதில் பொருத்தும் லென்ஸும், லென்ஸின் மேல் பூசும் பூச்சும் ஒரே முதலாளியினுடையவையாக இருக்கக்கூடும். 150 டாலர் தருகிறேன் என்று இன்ஷ்யூரன்ஸ்காரராக வாக்களிப்பவரே, பிரேமுக்கு 200 டாலர் என்று வியாபாரியாக விலை எழுதுகிறார். லென்ஸ்கிராஃப்டர்ஸை 1983-இல் ஸ்தாபித்த டீன் பட்லர் என்பவர், தொழிலிலிருந்து விலகிய பின் 2019-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ் பத்திரிகைக்குச் சொன்ன கணக்கின்படி, முதல் தரமான லென்ஸ் ஒன்று தயாரிப்பாளரிடம் ஒன்றேகால் டாலருக்குக் கிடைக்கிறது. கடை வாடகையும் சம்பளமும் உண்டென்பதை நாம் மறக்கவில்லை. அவற்றைக் கூட்டியும் மிச்சம் எவ்வளவு என்பதை யூகிப்பது கடினமன்று.

போட்டிக்கு ஆள் இல்லையா என்றால், இருக்கிறார். 1955-இல் கலிபோர்னியாவில் கண் பரிசோதகர்கள் சிலர் கூடித் தொடங்கிய வி.எஸ்.பி. ஸ்தாபனம், ஏழைக்கும் எளியவனுக்கும் கண்ணாடி கிடைக்க வேண்டுமென்ற நல்ல நோக்கத்தோடு பிறந்தது. இப்பொழுது அந்நாட்டின் கண் இன்ஷ்யூரன்ஸ்களில் அதுவே பெரியது. லாப நோக்கமற்றது என்று வரி விலக்கும் பெற்றிருந்தது. பொது ஜன க்ஷேமத்தை முதன்மையாகக் கொண்டதன்று என்று கூறி அந்த விலக்கை அமெரிக்க வரி இலாகா 2003-இல் ரத்து செய்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2008-இல் அதை ஊர்ஜிதம் செய்தது. அதே வருஷம் மார்சான் என்ற பிரேம் கம்பெனியை அது வாங்கியது. 2019-இல் விஷன்வொர்க்ஸ் என்ற கடைத் தொகுதியையும் வாங்கியது. இரண்டு போட்டியாளர்களும் ஒரே பாதையில் நடந்தால் போட்டி எங்கே?

இவர்கள் நடுவில் தனியே தொழில் செய்யும் கண் பரிசோதகரின் நிலைமையும் இரங்கத்தக்கது. திட்டத்தில் சேராவிட்டால் நோயாளிகள் வருவதில்லை. சேர்ந்தால் பரிசோதனைக்குக் கிடைக்கும் கூலி சொற்பம். லென்ஸை எந்தப் பட்டறைக்கு அனுப்புவது என்பதையும் பல சமயங்களில் இன்ஷ்யூரன்ஸ்காரரே தீர்மானிக்கிறார். பரிசோதனையில் விழுந்த நஷ்டத்தைப் பூச்சு விற்று ஈடுசெய்ய வேண்டிய நிர்ப்பந்தம் இவ்விதம் ஏற்படுகிறது. வைத்தியத்தைக் குறைந்த கூலிக்குச் செய்யவைத்து, வியாபாரத்தில் மட்டும் லாபம் வைத்தால், வைத்தியர் வியாபாரியாவதைத் தவிர வேறு என்ன செய்வார்? திட்டம் ஈடுகட்டாத சேவைகளுக்கு அத்திட்டமே விலை விதிப்பதைத் தடுத்து அமெரிக்க மாகாணங்கள் பல சட்டம் இயற்றியிருக்கின்றன. இது போதுமென்று நாம் நினைக்கவில்லை.

உத்தியோகத்திலுள்ளவர் பாடு இப்படியென்றால், வயோதிகர் பாடு இன்னும் மோசம். அறுபத்தைந்து வயதானவர்களுக்கென்று 1965-இல் ஏற்பட்ட மெடிகேர் சட்டம், சாதாரண மூக்குக் கண்ணாடியைப் பெயர் சொல்லியே விலக்கி வைத்தது. கண்புரை அறுத்துச் செயற்கை லென்ஸ் வைத்த பிறகு ஒரு ஜோடிக்கு மட்டும் பணம் கொடுக்கும். அதிலும் பூச்சு முதலியவை பெரும்பாலும் நோயாளியின் செலவே. பார்வை மிகவும் மங்கும் வயதுக்குரிய திட்டத்தில் கண்ணாடிக்கு இடமில்லை! பல், கண், காது மூன்றையும் சேர்க்க வேண்டுமென்று 2021-இல் பெருங் கிளர்ச்சி நடந்தது. செலவு அதிகமென்று பேரம் பேசியதில் முதலில் பல்லும் கண்ணும் கழன்றன. பிறகு மசோதாவே செனட்டில் நின்றுபோயிற்று. 2010-ஆம் வருஷத்து வைத்தியச் சட்டம் குழந்தைகளின் கண்ணாடியை அவசியமான அனுகூலமாக்கியது என்பதை நியாயத்தின் பொருட்டுச் சொல்லவேண்டும். பெரியவர்களுக்கு அந்தப் பாக்கியமும் இல்லை.

இங்கிலாந்திலும் கண்ணாடி அரசியலைக் கலக்கியதுண்டு. 1948 ஜூலை 5 முதல் அங்கே எல்லோருக்கும் இலவசமாகக் கிடைத்த கண்ணாடிக்கும் பல் கட்டுக்கும் பாதி விலை வாங்குவதென்று சர்க்கார் தீர்மானித்தபோது, அத்திட்டத்தை நிர்மாணித்த அன்யூரின் பெவன் 1951 ஏப்ரலில் மந்திரி பதவியையே ராஜிநாமா செய்தார்.  ஆனால் இன்றைய பிரச்னைக்கு மேலான வழிகாட்டி பிரான்ஸ் என்பது நமது அபிப்பிராயம். 2020 ஜனவரி முதல் தேதி அங்கு அமலுக்கு வந்த ஏற்பாட்டின்படி, ஒவ்வொரு கண்ணாடிக் கடையும் 'ஏ' வகுப்பைச் சேர்ந்த கண்ணாடிகளை வைத்திருந்தே தீரவேண்டும். பெரியவர்களுக்கு 17 மாதிரிப் பிரேம்கள், ஒவ்வொன்றும் இரண்டு நிறங்களில். பிரேமின் விலை 30 யூரோவுக்கு மேற்படக்கூடாது. லென்ஸைப் பற்றிய விதிதான் முக்கியமானது: பவருக்குத் தக்க மெல்லிய லென்ஸ், கீறல் தடுப்பு, பிரதிபலிப்புத் தடுப்பு மூன்றும் விலைக்குள்ளேயே அடங்க வேண்டும். சர்க்கார் காப்பீடும் துணைக் காப்பீடும் சேர்ந்து முழு விலையையும் கொடுத்துவிடுவதால், துணைக் காப்பீடு உள்ளவர் கையிலிருந்து ஒரு காசும் செலவில்லை. பெரியவர்கள் சாதாரணமாக இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை புதிது பெறலாம். ஆடம்பரப் பிரேம் வேண்டுபவர் 'பி' வகுப்புக்குப் போய்த் தம் பணத்தைச் செலவழிப்பதை யாரும் தடுக்கவில்லை. பூச்சு என்பது லென்ஸின் ஒரு பகுதி, அலங்காரமன்று என்று ஒரு சர்க்கார் துணிந்து சொன்னதும், தனிக் கூலி கேட்கும் அட்டைக்கு அங்கே வேலையில்லாமற் போயிற்று. எஸ்ஸிலார் பிறந்த தேசத்திலேயே இது நடந்தது என்பது கவனிக்கத்தக்கது.

நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். நம் நாட்டு வைத்திய இன்ஷ்யூரன்ஸ் பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் படுப்பவர்களுக்கே. 7.5 டயாப்டருக்குக் குறைந்த பார்வைக் குறையைத் திருத்தும் சிகிச்சைச் செலவை விலக்கலாம் என்று இன்ஷ்யூரன்ஸ் கட்டுப்பாட்டு ஆணையம் 2019-இல் ஏற்படுத்திய பொது வாசகத்திலேயே இருக்கிறது. ஆனால் பெரிய கம்பெனிகள் தம் சிப்பந்திகளுக்கு எடுக்கும் கூட்டுப் பாலிஸிகளில், வெளிநோயாளிச் செலவு என்ற தலைப்பின் கீழ்க் கண் பரிசோதனையும் கண்ணாடியும் இப்போது தலைகாட்டத் தொடங்கிவிட்டன. விற்பதற்கு மேற்சொன்ன கம்பெனிகள் இங்கே ஏற்கனவே கடை பரப்பியிருக்கின்றன. கிரிஸால் என்ற பெயர் நம் கண்ணாடிக் கடைகளுக்குப் புதிதன்று. பார்வையைத் திருத்தும் கண்ணாடிகளின் மேலிருந்த 12 சத வரியை 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதமாக்கியதை நாம் வரவேற்கிறோம். அந்த 7 சதத்தைப் பூச்சு என்ற பெயரால் கடைக்காரர் எடுத்துக்கொள்ள விட்டால் பயன் என்ன?

கண்ணாடி சௌகரியத்தைப் பற்றிய விஷயம் மட்டுமன்று; கூலியைப் பற்றிய விஷயம். அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களில் நாற்பது வயதுக்கு மேற்பட்ட 751 தொழிலாளரிடம் நடத்திய பரிசோதனையின் முடிவு 2018-இல் வெளியாயிற்று. கிட்டத்துப் பார்வைக்கு மலிவான கண்ணாடி பெற்றவர்கள், பெறாதவர்களைவிட நூற்றுக்கு 20-க்கு மேல் அதிகமாகக் கொழுந்து கிள்ளினார்கள். அந்தக் கண்ணாடியில் விலையுயர்ந்த பூச்சு எதுவும் தேவைப்படவில்லை. மலிவாகச் செய்ய முடியாதென்ற வாதத்துக்கும் நம்மிடம் பதில் இருக்கிறது. 1976-இல் டாக்டர் ஜி. வேங்கடசாமி மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் ஆஸ்பத்திரி, கிராம முகாம்களில் பரிசோதித்த இடத்திலேயே கண்ணாடி பொருத்திக் கொடுக்கிறது. 1992-இல் அதன் சார்பில் ஏற்பட்ட ஆரோலாப், கண்ணினுள் வைக்கும் லென்ஸை அந்நியக் கம்பெனிகளின் விலையில் சிறு பங்குக்குச் செய்து காட்டியது.

ஆகையால், கூட்டுப் பாலிஸி பேசும் தொழிற்சங்கக் காரியதரிசிகளுக்கு ஒரு விண்ணப்பம். 'கண் அனுகூலம்' என்ற தலைப்பைக் கண்டதும் திருப்தியடைந்து கையெழுத்திட வேண்டாம். சந்தாவில் முதலாளி கொடுக்கும் பங்கு எவ்வளவு, கண்ணாடியை விரும்பிய கடையில் வாங்கலாமா, பரிசோதனைச் சீட்டைக் கையிலே கொடுப்பார்களா என்று கேளுங்கள். அமெரிக்காவிலேயே, கண்ணாடி வாங்கினாலும் வாங்காவிட்டாலும் அந்தச் சீட்டைக் கேளாமலே இனாமாகக் கொடுக்க வேண்டுமென்று விதி இருக்கிறது. கொடுத்ததற்கு அத்தாட்சி வைத்திருக்க வேண்டுமென்று 2024-இல் அதை இன்னும் இறுக்கியிருக்கிறார்கள். பிறகு அனுபந்தத்தைப் புரட்டி, பிரதிபலிப்புத் தடுப்பும் கீறல் தடுப்பும் லென்ஸின் விலைக்குள் எழுதப்பட்டிருக்கின்றனவா, தனி வரியாக நிற்கின்றனவா என்று பாருங்கள். தனி வரியாக நின்றால், பிரெஞ்சு விதியை மொழிபெயர்த்து மேஜையின் மேல் வைத்துவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள்.